நாவல் கொட்டைப் பொடி: ஆன்டிஆக்சிடன்ட் நிறைய இருக்கிறதாம், சர்க்கரைக்கு உதவுமா?

ஈசூன்வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். என் மாமனார் எழுபதைத் தாண்டியவர். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், வந்து பல வருடம் ஆகிறது. பலதுறை மருந்தகத்தில் கொடுக்கும் மாத்திரையை ஒழுங்காகப் போடுவார், சோற்றை மட்டும் குறைக்க மாட்டார். போன வாரம் இங்கே சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் போனவர் நாவல் கொட்டைப் பொடி ஒரு பாக்கெட் வாங்கி வந்திருக்கிறார். காலையில் ஒரு கரண்டி, ராத்திரி ஒரு கரண்டி, மூன்று மாதத்தில் மாத்திரையே வேண்டாம் என்று கடையில் சொன்னார்களாம். பாக்கெட்டில் அப்படி எதுவும் இல்லை. "ஆன்டிஆக்சிடன்ட் நிறைந்தது" என்று மட்டும் பெரிய எழுத்தில் இருக்கிறது.

நான் கேட்க வந்தது இதுதான். கொட்டையில் உண்மையிலேயே அந்தச் சத்து இருக்கிறதா? இருந்தால் அது சர்க்கரையைக் குறைக்குமா? மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடலாமா? வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

---

சித்தன்போக்கு எழுதியது:

இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான், நாவல் கொட்டை எல்லாம் நம் நாட்டு மருந்தில் மதுமேகத்துக்குத் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து வருபவை. நாம் மட்டும் அல்ல, ஐரோப்பியர்களும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கொட்டையைக் கீழை நாடுகளிலிருந்து வரவழைத்து நீரிழிவுக்குக் கொடுத்தார்கள். 1922இல் இன்சுலின் ஊசி வந்த பிறகுதான் அங்கே இது மறைந்தது.

அளவு என்று பார்த்தால் ஆயுர்வேத மருந்து நூல் பொடியாக ஒரு நாளைக்கு 3 முதல் 6 கிராம் வரை சொல்கிறது. உங்கள் மாமனார் கணக்கும் கிட்டத்தட்ட அதற்குள்தான் வரும். ஒன்று மட்டும் கவனியுங்கள். கொட்டையின் மேல் இருக்கும் மெல்லிய ஓட்டை நீக்கிவிட்டு உள்பருப்பை நிழலில் காயவைத்து இடித்த பொடியாக இருக்க வேண்டும். கண்ட ஈரத்தில் கிடந்த கொட்டையை அரைத்தது என்றால் பயன் இல்லை.

---

சோதனைக்குழாய் எழுதியது:

உணவு வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொட்டையில் ஆன்டிஆக்சிடன்ட், அதாவது ஆக்சிஜனேற்றத்தால் வரும் சேதத்தைத் தடுக்கும் சத்து, இருக்கிறதா என்பதில் சண்டைக்கே இடமில்லை, இருக்கிறது. பழத்தைத் தின்றால் நாக்கு ஊதாவாகிறதே, அதற்குக் காரணமான ஆந்தோசயனின்கள் தோலில்தான் அதிகம். கொட்டையில் இருப்பது வேறு கூட்டம்: காலிக் அமிலம், எல்லாஜிக் அமிலம், கொரிலாஜின், இவற்றோடு உறவுடைய எல்லாஜிடானின்கள் என்ற டானின் வகை. சதையை விடக் கொட்டையில் இந்த மாதிரி ஃபீனால் சேர்மங்கள் கூடுதல் என்று பல ஆய்வுகள் ஒரே குரலில் சொல்கின்றன. பொடியை நாக்கில் வைத்தால் இறுக்கிப் பிடிக்கும் அந்தத் துவர்ப்பு டானினால் வருவது. எச்சிலில் இருக்கும் புரதத்தை டானின் கட்டிவிடுகிறது, அதுதான் வாய் வறண்ட மாதிரி ஆகிறது.

அடுத்து, "ஆன்டிஆக்சிடன்ட் அதிகம்" என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பாருங்கள். டிபிபிஹெச் என்று ஒரு சேர்மம். கரைத்தால் அடர் ஊதாவாக இருக்கும். அதில் கொட்டைச் சாற்றை விட்டால் ஊதா மங்கி மஞ்சளாகும். 517 நானோமீட்டர் ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று கருவியில் பார்த்து, எவ்வளவு மங்கியது என்று கணக்கிடுகிறோம். நாவல் கொட்டைச் சாறு இந்தச் சோதனையில் நன்றாகவே தேறும். ஆனால் அந்தச் சாறு பெரும்பாலும் மெத்தனால், எத்தனால் போன்ற சாராயக் கரைப்பானில் எடுத்தது. உங்கள் மாமனார் வெந்நீரில் கலக்கிக் குடிப்பது அதுவல்ல. எல்லாஜிக் அமிலம் தண்ணீரில் கரைய ரொம்ப அடம்பிடிக்கும்.

இன்னொரு விஷயம். சோதனைக் குழாயில் ஊதா மங்கியது என்பதால் நம் ரத்தத்திலும் அதுவே நடக்கும் என்று சொல்ல முடியாது. எல்லாஜிடானின் பெரிய மூலக்கூறு, அப்படியே ரத்தத்துக்குள் போகாது. குடலில் உடைந்து எல்லாஜிக் அமிலமாகி, அதைப் பெருங்குடல் கிருமிகள் யூரோலிதின் என்ற சிறிய சேர்மங்களாக மாற்றுகின்றன. அந்தக் கிருமி எல்லார் வயிற்றிலும் ஒரே மாதிரி இல்லை. ஒரே பொடியைத் தின்ற இரண்டு பேரில் ஒருவருக்கு யூரோலிதின் நன்றாக உண்டாகும், இன்னொருவருக்கு ஒன்றுமே உண்டாகாது. முன்பு அமெரிக்க வேளாண் துறை ஓராக் என்ற பெயரில் எந்த உணவில் எவ்வளவு ஆன்டிஆக்சிடன்ட் என்று பெரிய பட்டியல் வைத்திருந்தது. அந்த எண்களுக்கும் மனித உடலில் நடப்பதற்கும் தொடர்பு காட்ட முடியவில்லை, விளம்பரக்காரர்கள் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லி 2012இல் அவர்களே எடுத்துவிட்டார்கள்.

ஆகவே பாக்கெட்டில் இருக்கும் வாசகம் பொய் இல்லை. அது மாமனாரின் சர்க்கரையைப் பற்றி எதுவும் சொல்லவும் இல்லை.

---

பசிர்ரிஸ் மாமா எழுதியது:

தம்பி நல்லாத்தான் எழுதுகிறீர்கள். ஆனால் எலிகளுக்கு இந்தக் கொட்டைச் சாறு கொடுத்துச் சர்க்கரை இறங்கியது என்று எத்தனை கட்டுரை வந்திருக்கிறது! அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? நானும் கொஞ்சம் படிப்பவன்தான் லா.

அப்புறம், ஆன்டிஆக்சிடன்ட் அதிகமாகப் போனால் என்ன கெட்டுவிடப் போகிறது? நல்லது கொஞ்சம் கூடினால் நல்லதுதானே.

---

சோதனைக்குழாய் எழுதியது:

மாமா, எலிக் கதையை விடவில்லை, அதற்குத்தான் வருகிறேன். பல எலி ஆய்வுகளில் நீரிழிவை உண்டாக்க அலோக்சான் என்ற மருந்தை ஊசி போடுவார்கள். அது கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களுக்குள் புகுந்து, எதையும் தாக்கும் ஆக்சிஜன் தனி உறுப்புகளை (ஃப்ரீ ராடிக்கல்) கிளப்பிவிட்டு, அந்தச் செல்களைக் கொன்றுவிடும். ஆக, நோயையே ஆக்சிஜனேற்றத்தால் வரவழைத்த எலி அது. அதற்கு ஆன்டிஆக்சிடன்ட் கொடுத்தால் கொஞ்சம் தப்பிக்கத்தான் செய்யும். ஸ்ட்ரெப்டோசோடோசின் கொடுத்த எலியும் ஏறக்குறைய இந்த வகைதான். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவு இப்படி ஒரே நாளில் ஊசி போட்டு வந்தது கிடையாது. இன்சுலின் சுரந்தும் உடல் அதைக் கேட்காமல் போவதில் தொடங்கி, மெல்ல மெல்லக் கணையம் களைத்துப்போகிற கதை. எலியில் நடந்ததை இங்கே அப்படியே தூக்கி வைக்க முடியாது.

மனிதர்களிடம் முறையாகச் செய்த ஆய்வு என்றால் பிரேசிலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே நாவல் இலைத் தேநீரைச் சர்க்கரைக்குக் குடிக்கும் பழக்கம் உண்டு. இலைத் தேநீரை ஒரு பக்கமும் சர்க்கரையைக் குறைக்கும் கிளிபென்கிளமைடு மாத்திரையை ஒரு பக்கமும் வைத்து, யாருக்கு எது என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் பார்த்தார்கள். மாத்திரை வேலை செய்தது. தேநீர் ஒன்றும் செய்யவில்லை.

"கூடினால் நல்லதுதானே" என்பதற்கு ஒரு பதில்: 1994இல் பின்லாந்து ஆய்வு. புகைபிடிக்கும் ஆண்கள் 29,000க்கும் மேற்பட்டவர்கள். கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்டை மாத்திரையாகக் கொடுத்தால் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அது கூடத்தான் செய்தது. கேரட்டைத் தின்பதும் அதில் இருக்கும் ஒன்றை மட்டும் பிரித்து அள்ளிப் போடுவதும் ஒன்றாகாது.

---

சித்தன்போக்கு எழுதியது:

பிரேசில்காரர்கள் பார்த்தது இலை. நாம் பேசுவது கொட்டை. அதை வைத்து இதை எப்படித் தள்ளுவீர்கள்? பின்லாந்தில் கொடுத்தது ஆலையில் செய்த மாத்திரை. அதற்கும் நாவலுக்கும் என்ன சம்பந்தம்?

---

சோதனைக்குழாய் எழுதியது:

இலை, கொட்டை என்று நீங்கள் பிரித்தது நியாயம். கொட்டையைத் தள்ளவில்லை, அதைப் பற்றி அவ்வளவு பெரிய அளவில் நல்ல ஆய்வு கையில் இல்லை என்பதுதான் என் நிலை.

என்னைக் கேட்டால், கொட்டை ஏதாவது செய்கிறது என்றால் அது ரத்தத்தில் ஆன்டிஆக்சிடன்டாக இல்லை, குடலில் டானினாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் ஆல்ஃபா அமைலேஸ், ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் என்ற நொதிகளை இந்தச் சேர்மங்கள் சோதனைக் குழாயில் தடுக்கின்றன. அகார்போஸ் என்ற மாத்திரை வேலை செய்வதும் இந்த வழியில்தான். இதற்குச் சத்து ரத்தத்துக்குள் போக வேண்டியதே இல்லை, சோற்றோடு குடலில் இருந்தால் போதும். அப்படிப் பார்த்தால் வெறும் வயிற்றில் சாப்பிடச் சொல்லும் வழக்கத்துக்கும் இதற்கும் ஒத்துப்போகவில்லை. ஒரு கரண்டிப் பொடி ஒரு தட்டுச் சோற்றை எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பது தனிக் கேள்வி. பாக்கெட்டில் மட்டும் எல்லாரும் ஆன்டிஆக்சிடன்ட் என்றே அச்சடிக்கிறார்கள்.

---

மருந்துக்கடை அக்கா எழுதியது:

ஏன் அப்படி அச்சடிக்கிறார்கள் என்று நான் சொல்கிறேன். சிங்கப்பூரில் மருந்து விளம்பரச் சட்டத்தில் ஒரு நோய்ப் பட்டியல் இருக்கிறது. புற்றுநோய், நீரிழிவு, ரத்தக்கொதிப்பு, காசநோய் எல்லாம் அதில் உண்டு. அவற்றைத் தீர்க்கும் என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்யக்கூடாது. அதனால் பாக்கெட்டில் நீரிழிவு என்று போட மாட்டார்கள். வாயால் சொல்வார்கள், பாக்கெட்டில் ஆன்டிஆக்சிடன்ட் என்று போடுவார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு வழக்குப் போட முடியாது, வாங்கத்தான் முடியும்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. சீன மருந்துகளுக்கு இங்கே சுகாதார அறிவியல் ஆணையத்தின் பட்டியலில் ஏறிய பிறகுதான் விற்க முடியும். இந்திய, மலாய் பாரம்பரிய மருந்துகளுக்கு அப்படி முன்கூட்டி அனுமதி தேவையில்லை. பாதுகாப்பாக இருக்க வேண்டியது விற்பவரின் பொறுப்பு. கடையில் தொங்குகிறது என்பதால் யாரோ சோதித்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள்.

தம்பி ஈசூன்வாசி, மாமனார் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறாரா, வேறு ஏதாவது உண்டா? மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை தாழ்ந்து மயங்கும் ஆபத்து குறைவு. கிளிபிசைடு, கிளிக்லசைடு மாதிரி இன்சுலினைத் தூண்டிச் சுரக்கவைக்கும் மாத்திரையோ இன்சுலினோ இருந்தால் பேச்சே வேறு. வயதானவர், சாப்பாடு ஒரு வேளை தள்ளிப்போனால் போதும், சர்க்கரை தாழ்ந்துவிடலாம். இருக்கும் மாத்திரைகளின் பெயரைப் பார்த்து இங்கே போடுங்கள்.

அப்புறம் 2008ஐ மறக்காதீர்கள். அந்த வருடம் ஜனவரியிலிருந்து மே மாதத்துக்குள் நீரிழிவே இல்லாத சுமார் 150 பேர் சர்க்கரை அடியோடு தாழ்ந்து இங்கே அரசு மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். பெரும்பாலும் ஆண்கள். நான்கு பேர் இறந்துபோனார்கள். திருட்டுத்தனமாக விற்ற ஆண்மை மாத்திரைகளில் கிளிபென்கிளமைடு கலந்திருந்தது. "மூலிகை" என்று சொல்லி விற்றதும் அதில் உண்டு. ஒரு பொடி சாப்பிட்ட சில நாளிலேயே சர்க்கரை சரசரவென்று இறங்கினால் எனக்குச் சந்தோஷம் வராது, சந்தேகம்தான் வரும்.

---

சித்தன்போக்கு எழுதியது:

அக்கா, அது ஆண்மை மாத்திரை விவகாரம். அதை எடுத்து நாவல் கொட்டை மேல் போடுவது சரியில்லை. கலப்படம் செய்தவன் குற்றத்துக்கு மரம் என்ன செய்யும்?

---

மருந்துக்கடை அக்கா எழுதியது:

மரத்தை யார் குறை சொன்னது? நாவல் கொட்டையில் அப்படிக் கலந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. பாக்கெட்டுக்குள் இருப்பது நாவல் கொட்டை மட்டும்தானா என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்கிறேன். உங்களைப் போல் கொட்டையைப் பொறுக்கி, ஓடு நீக்கி, இடித்துச் சாப்பிடுகிறவருக்கு அந்தக் கவலை இல்லை.

---

ஈசூன்வாசி எழுதியது:

அக்கா, பார்த்துவிட்டேன். மெட்ஃபார்மினோடு கிளிபிசைடும் இருக்கிறது. ரத்தக்கொதிப்புக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் தயாரிப்பாளர் முகவரி கிடையாது, தொகுதி எண் கிடையாது. காலாவதி தேதி ஒட்டியிருந்த இடத்தில் விலைச் சீட்டை ஒட்டியிருக்கிறார்கள்! கடைக்குப் போய்க் கேட்டேன். இது எல்லாரும் வாங்குவதுதான், நீங்கள் மட்டும்தான் கேட்கிறீர்கள் என்றார்கள்.

---

மருந்துக்கடை அக்கா எழுதியது:

கிளிபிசைடு இருக்கிறதா? அப்படியானால் அந்தப் பாக்கெட்டை ஓரமாக வையுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அதையும் கையில் எடுத்துப் போய்க் காட்டுங்கள். நம் ஆட்கள் டாக்டரிடம் மட்டும் இதை மறைப்பார்கள், திட்டுவார் என்று. தாதியிடமாவது சொல்லச் சொல்லுங்கள். திட்டுவதற்கு இல்லை, மாத்திரை அளவைப் பார்க்க அவர்களுக்கு இது தெரிய வேண்டும். வீட்டில் கை நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, பேச்சுக் குழறல் என்று பார்த்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். நினைவோடு இருக்கும்போது இனிப்பு கொடுங்கள்.

ரத்தசோகை இருப்பவர்களுக்கும் ஒரு சொல். டானின் இரும்புச்சத்தைக் கட்டிவிடும். இரும்பு மாத்திரை சாப்பிடும் பெண்கள் இந்தப் பொடியையும் கட்டித் தேநீரையும் அதோடு சேர்த்து எடுக்க வேண்டாம்.

---

புளோக்கீழ்த்தளம் எழுதியது:

நல்ல பேச்சு. கடைப் பொடி வேண்டாம் என்றால், எங்கள் புளோக்குப் பக்கத்தில் ஒரு மரம் கறுப்பாகச் சின்னப் பழமாகக் கொட்டுகிறது. நாவல்தான் என்று தோன்றுகிறது. பொறுக்கி நானே பொடி செய்யலாமா?

---

செடிகொடி எழுதியது:

முதலில் அது நாவலா என்று பாருங்கள். சிங்கப்பூரில் இந்தக் குடும்பத்து மரங்கள் ஏராளம். வேலியாக வெட்டிவிடும், துளிர் செக்கச்செவேல் என்று வருகிறதே, அதுவும் இந்தக் குடும்பம்தான், அதிலும் சின்னக் கறுப்புப் பழம் வரும். பழைய சாலையோரங்களில் நிற்கும் ஜம்பு லாவுட் இன்னொன்று, அதன் பழம் பச்சை. நாவல் பழம் நீளவாட்டில், நல்ல கருநீலமாக, ஒற்றைக் கொட்டையோடு இருக்கும். சதை ஊதா, தின்றால் நாக்கில் ஊதாக் கறை பிடிக்கும். இலையைக் கசக்கினால் ஒரு மாதிரி டர்பன்டைன் வாசனை வரும்.

நாவலே என்றாலும், அரசு நிலத்து மரம் என்றால் பழமும் அரசுக்குச் சொந்தம். பறிக்கத் தேசியப் பூங்காக் கழகத்திடம் கேட்க வேண்டும். சாலையோரக் கொட்டையில் கொசு மருந்துப் புகையும் வண்டிப் புகையும் படிந்திருக்கும், அதை மருந்தாகச் சாப்பிட எனக்கு மனம் வராது.

கொட்டையைத் தொட்டியில் போட்டுப் பாருங்கள், அது தமாஷ். ஒரே கொட்டையிலிருந்து இரண்டு மூன்று நாற்று முளைக்கும். ஆனால் காயவைத்துவிட்டால் முளைக்காது, பழம் தின்ற கையோடு ஊன்ற வேண்டும்.

---

பசிர்ரிஸ் மாமா எழுதியது:

கொட்டையை வறுத்துப் பொடித்தால் வாசனையாக இருக்கும் என்று என் அம்மா செய்வார். வறுத்தால் சத்து போய்விடுமா தம்பி?

---

சோதனைக்குழாய் எழுதியது:

போகாது, மாறும். சூடு பட்டால் டானின்கள் கொஞ்சம் உடைந்து காலிக் அமிலமும் எல்லாஜிக் அமிலமும் கூடும், துவர்ப்பு மட்டுப்படும். கருகும்வரை வறுத்தால்தான் கெடும். நம் ஊர் ஈரக்காற்றில் வறுப்பதை விடப் பெரிய தலைவலி சேமிப்பு. பொடி கட்டி தட்டினாலே ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம், பூசணம் பிடிக்கலாம். சில பூசணங்கள் விடும் அஃப்லாடாக்சின் கல்லீரலுக்கு ஆகாது, சூட்டில் லேசில் அழியவும் அழியாது. கட்டி தட்டிய பொடியைத் திரும்ப வறுத்துச் சாப்பிடுவோரைப் பார்த்திருக்கிறேன். அது வேண்டாம். கொட்டையாகக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, வேண்டும்போது கொஞ்சமாக இடிப்பது மேல்.

---

ஈசூன்வாசி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மாமனாரிடம் பேசினேன். கிளிபிசைடு விஷயம் சொன்னதும் யோசிக்க ஆரம்பித்தார். முகவரி இல்லை என்று காட்டியதும் பாக்கெட்டை அவரே தூக்கி அலமாரி மேல் வைத்துவிட்டார், தூக்கிப் போடவில்லை. அடுத்த மாதம் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை இருக்கிறது, அதற்கு முன்னால் எதையும் புதிதாகச் சேர்க்க வேண்டாம் என்று பேசி வைத்திருக்கிறோம். அது முந்தைய இரண்டு மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் என்பதால் நடுவில் எதையாவது கலந்தால் எது வேலை செய்தது என்றே தெரியாது என்றார் மருமகன்காரர், அதாவது நான்!

ஒரே ஒரு கேள்வி பாக்கி. பொடி வேண்டாம் என்றால் பழமாவது சாப்பிடலாமா என்கிறார். தேக்காவில் சீசனுக்கு வரும்போது உப்புப் போட்டுக் குலுக்கி, ஒரு கிலோவை ஒரே மூச்சில் முடிப்பவர்.

---

மருந்துக்கடை அக்கா எழுதியது:

பழம் தாராளமாக, கைப்பிடி அளவு, சாப்பாட்டோடு சேர்த்து. அதிலும் சர்க்கரை உண்டு, அதனால் கிலோ கணக்கு வேண்டாம். ரத்தக்கொதிப்பு மாத்திரையும் சாப்பிடுகிறார் என்று நீங்களே சொன்னீர்கள், ஆகவே உப்பு டப்பாவை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

---

பசிர்ரிஸ் மாமா எழுதியது:

உப்பில்லாமல் நாவல் பழமா? இதைக் கேட்கவா இவ்வளவு நேரம் படித்தேன்.